ஒசாக்காவில் எந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர்? சாப்பிட ஒன்று, வாங்க ஒன்று

ஒசாக்காவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் கோட்டை, தோத்தோன்போரி, யூனிவர்சல் ஸ்டூடியோ எல்லாவற்றையும் எழுதிவிட்டு, டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை மட்டும் "நேரம் இருந்தால்" என்று கடைசியில் வைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த ஊர் என்ன சாப்பிடுகிறது, யாருக்கு எதைப் பரிசாகக் கொடுக்கிறது, ஒரே ஒரு பீச் பழத்தைக்கூட எவ்வளவு பதவிசாகப் பொதிந்து தருகிறது என்பதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. அரை நாளாவது ஒதுக்க வேண்டும். எதற்கு ஒதுக்குவது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் ஊரில் பெரிய கடைகள் மட்டுமே ஆறு: உமேதாவில் ஹான்க்யூ, ஹான்ஷின், தாய்மாரு, ஷின்சாய்பாஷியில் இன்னொரு தாய்மாரு, நம்பாவில் தக்காஷிமாயா, தென்னோஜியில் கின்தெத்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் என்றால் உமேதா போங்கள், ஹான்ஷினில் சாப்பிடுங்கள், எதிரே இருக்கும் ஹான்க்யூவில் வாங்குங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் தென்னோஜி. விமானம் ஏறும் நாளென்றால் நம்பா. ஷின்சாய்பாஷி, கட்டடம் பார்க்கப் பிடிக்கிறவர்களுக்கு. சாப்பிடுவதையும் வாங்குவதையும் ஒரே கடையில் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஏனென்றால் இந்த ஊரில் இரண்டிலும் முதலிடம் பிடிக்கிற கடை என்று ஒன்று இல்லை, அடுத்த கடையோ தெருவைத் தாண்டினால் வந்துவிடும், இல்லையென்றால் சுரங்க ரயிலில் சில நிமிடம்.

ஆறில் பெரும்பாலானவை ரயில் நிலையத்தின் மேலோ பக்கத்திலோ இருப்பதற்குக் காரணம் உண்டு. ஹான்க்யூ ரயில் நிறுவனத்தை வளர்த்தெடுத்த கோபயாஷி இச்சிசோ, ரயில் வந்து நிற்கிற கடைசி நிலையத்திலேயே தினமும் இவ்வளவு பேர் இறங்குகிறார்களே, அங்கேயே கடை வைத்தால் என்ன என்று யோசித்து, 1929இல் உமேதாவில் ஹான்க்யூ டிபார்ட்மென்ட் ஸ்டோரைத் திறந்தார். ரயில் நிறுவனமே தன் முனையத்தில் நடத்துகிற கடை என்ற வழக்கத்துக்கு அதுதான் முன்னோடி. அங்கிருந்த உணவகத்தின் கறி ரைஸ் ஊரெல்லாம் பேர் வாங்கியது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கறிக்குக்கூடக் காசில்லாதவர்கள் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இலவசமாக வைத்திருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள்; கடை ஆட்கள் முகம் சுளித்தபோது கோபயாஷி, வெறும் சோறு கேட்கிறவர்களையும் வரவேற்கச் சொன்னார். இவர்கள் நாளைக்குக் குடும்பத்தோடு வருவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு ஹான்க்யூ மேல் இருக்கிற மரியாதையில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வந்தது.

இப்போது இருக்கிற ஹான்க்யூ கட்டடம் 2012 நவம்பரில் முழுமையாகத் திறந்தது. ஒன்பதாம் தளத்தில் நான்கு மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கிற ஒரு பெரிய கூடம் இருக்கிறது, படிக்கட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்றில்லை. அதே தளத்தின் நிகழ்ச்சி அரங்கில் ஆண்டு முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இலையுதிர் காலத்துப் பிரிட்டிஷ் திருவிழாவும் காதலர் தினத்தை ஒட்டிய சாக்லேட் விற்பனையும் மிகப் பிரபலம், அந்த நாட்களில் மின்தூக்கிக்கே வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் நாம் பேச வந்தது அடித்தளம். ஜப்பானில் டெப்பாச்சிகா என்று சொல்லும் இந்த அடித்தள உணவுக் கூடங்களில், இனிப்பு வாங்குவதற்கு மட்டும் என்றால் ஹான்க்யூவை ஒசாக்காவில் மற்ற எந்தக் கடையும் நெருங்க முடியாது என்பது என் அபிப்பிராயம். கிளிகோ நிறுவனம் போக்கி என்ற தன் சாக்லேட் குச்சி பிஸ்கட்டைத் தடியாக்கி, வெண்ணெய் மணக்க விற்கிற 'பாத்தோன் தோர்' இங்கே கிடைக்கிறது. வரிசை நீளம் என்றாலும் சீக்கிரம் நகரும். இதற்குப் பக்கத்திலேயே, ஐந்து நூற்றாண்டுப் பாரம்பரியம் கொண்ட தொராயாவின் யோகானும் (அவரை விழுதைக் கடற்பாசியால் இறுக வைத்த இனிப்பு), 1863இல் ஒசாக்காவிலேயே தொடங்கிய சுருயா ஹாச்சிமானின் இனிப்புகளும். பழையதும் புதியதும் இவ்வளவு நெருக்கமாக, இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்து வைத்திருப்பதுதான் இங்கே சிறப்பு.

ஹான்க்யூவின் குறை, உட்கார்ந்து சாப்பிடப் போனால் தெரியும். மேல் மாடி உணவகங்கள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பன்னிரண்டு மணிக்குப் போனால் வெளியே போட்டிருக்கிற நாற்காலி வரிசையில் ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து நகர்ந்து முக்கால் மணி நேரம் போய்விடும். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் நான் விதிவிலக்குத் தருவேன்: பதின்மூன்றாம் தளத்தின் ஷாண்டிலியர் டேபிள். பழைய ஹான்க்யூ கட்டடத்தின் நுழைவுக் கூடத்தை அலங்கரித்த, கட்டடக் கலைஞர் இத்தோ சூத்தா வடிவமைத்த மொசைக் சுவரோவியங்களை, கட்டடத்தை இடிக்கும்போது பத்திரமாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். டிராகனையும் சிங்கத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். பதினொன்றரைக்கு முன்னால் போய்விடுங்கள்.

ஹான்ஷின் எதிரிலேயே இருக்கிறது. இரண்டும் ஒரு காலத்தில் போட்டிக் கம்பெனிகள், இரண்டு ரயில் நிறுவனங்களும் 2006இல் ஒரே குழுமமாக ஆகிவிட்டன, ஆனாலும் கடைகளின் குணம் மாறவில்லை. ஹான்க்யூவில் உடுத்திக்கொண்டு போவார்கள், ஹான்ஷினுக்கு ஆபீஸ் முடிந்த கையோடு அப்படியே போவார்கள். ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் ஊர்க் கடை இதுதான், அணி ஜெயித்தால் கடை முழுக்கக் கொண்டாட்டம். புதிய கட்டடம் 2022இல் முழுமையடைந்தது. அதன் அடித்தளத்தில் இருக்கும் ஸ்நாக் பார்க்தான் நான் உங்களை அனுப்ப விரும்புகிற இடம். உயரமான மேஜைகள், நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்: கோட் சூட் போட்டவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, எல்லாரும் தோளோடு தோள். 1957 முதல் ஹான்ஷினில் விற்கிற இக்காயாக்கி இங்கேதான். கணவாய்த் துண்டுகள் கலந்த கோதுமை மாவை இரண்டு சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அழுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய, இழுபடுகிற, சாஸ் தடவிய ஒரு அடை கையில் வந்துவிடுகிறது. முட்டை சேர்த்தது வேண்டுமென்றால் 'தெராபான்' என்று கேளுங்கள், அதுதான் நல்லது. விலை சில நூறு யென்தான். இனிப்புக்கு, சிவப்பு அவரை விழுது நிரப்பிச் சுடுகிற கோசாசோரோ. பக்கத்திலேயே சுட்டுத் தருவதால் வரிசையில் நிற்கும்போதே மணம் பசியைக் கிளப்பிவிடும்.

ஆயிரம் யென்னை ஒட்டிச் செலவழித்து, அரை மணி நேரத்துக்குள், வேறு எங்கும் இதே மாதிரி கிடைக்காத சாப்பாடு. இதைத்தான் ஹான்ஷின் தருகிறது, அதனால்தான் மேல் மாடி உணவகங்களின் ஒழுங்கான தட்டு வரிசையைவிட இதை முதலில் வைக்கிறேன். முட்டி வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இது சரிப்படாது, அவர்களுக்குத் தென்னோஜி இருக்கிறது, வருகிறேன்.

உமேதாவின் மூன்றாவது கடையான தாய்மாரு, 1983இல் ஜேஆர் ஒசாக்கா நிலையத்திலேயே திறந்தது. பிள்ளைகளுக்காகப் போகிற கடை. பதின்மூன்றாம் தளத்தில் போக்கிமான் சென்டரும் 2022இல் வந்த நின்டெண்டோ ஒசாக்காவும் அருகருகே. அடித்தளத்தில் ரிக்குரோ ஓஜிசானின் சீஸ் கேக், அடுப்பிலிருந்து எடுத்ததும் மணி அடித்து, ஆடிக்கொண்டிருக்கும்போதே மேலே முத்திரை குத்துவார்கள். மற்றபடி மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதற்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. உமேதாவில் போட்டி எவ்வளவு கடுமையானது என்பதற்கு அதே நிலையத்தின் வடக்குப் பக்கம் சாட்சி: தோக்கியோவின் புகழ்பெற்ற மித்சுக்கோஷி இசேத்தான் 2011இல் அங்கே பிரம்மாண்டமாகக் கடை திறந்து 2014இலேயே மூடிவிட்டது.

ஷின்சாய்பாஷி தாய்மாருவின் கதை வேறு. தாய்மாரு 1717இல் கியோத்தோவின் ஃபுஷிமியில் துணிக்கடையாகத் தொடங்கியது. ஷின்சாய்பாஷியின் பழைய கட்டடம் அமெரிக்காவிலிருந்து 1905இல் ஆங்கில ஆசிரியராக வந்து ஜப்பானிலேயே தங்கிவிட்ட வில்லியம் மெரல் வோரிஸ் வடிவமைத்து 1933இல் முடிந்தது. அதை இடித்துக் கட்டியபோது வெளிச் சுவரையும் உள்ளே பல அலங்காரங்களையும் காப்பாற்றி, 2019 செப்டம்பரில் மீண்டும் திறந்தார்கள். ஷின்சாய்பாஷி அங்காடித் தெருப் பக்க வாசலுக்கு மேலே சுடுமண்ணில் செய்த மயில் ஒன்று இருக்கிறது, தெருக்கூட்டத்தில் தலையைத் தூக்காமல் போகிறவர்கள் அதைத் தவற விடுகிறார்கள். தரைத் தளத்தின் மேற்கூரை வேலைப்பாட்டுக்காகவே உள்ளே போகலாம். ஆனால் கடையின் கவனம் வெளிநாட்டுப் பயணிகள் மேலும் விலையுயர்ந்த பிராண்டுகள் மேலும் குவிந்திருக்கிறது, அதனால் சாப்பாட்டுக்காக மட்டும் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதானால் என் பட்டியலில் இது கடைசிக்குப் பக்கத்தில்தான். நடந்து களைத்தபோது இரண்டாம் தளத்தில் வோரிஸ் பெயரிலேயே இருக்கும் தேநீர் அறையில் ஒரு தேநீர், அது போதும்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்குத் தக்காஷிமாயாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆர்ச்சர்ட் ரோட்டில் 1993 முதல் இருக்கிறது. அதன் ஒசாக்கா கடை நம்பாவில், 1932இல் எழுந்த நான்காய் ரயில் நிலையக் கட்டடத்தில், தூண்கள் வரிசையிட்ட முகப்போடு நிற்கிறது. நிறுவனம் அதைவிடப் பழையது, 1831இல் கியோத்தோவில் பழைய துணியும் பருத்தியும் விற்கத் தொடங்கியது. ரோஜாப் பூ அச்சிட்ட அதன் உறையில் சுற்றிய பொட்டலம் என்றால் வாங்குகிறவருக்குப் பிரிப்பதற்கு முன்பே மரியாதை வந்துவிடும், ஆகவே ஜப்பானியர் யாருக்காவது பரிசு கொடுக்க வேண்டியிருந்தால் நான் ஹான்க்யூவைவிட்டு இங்கேதான் போவேன். கான்சாய் விமான நிலையத்துக்குப் போகும் நான்காய் ரயில் இந்தக் கட்டடத்திலிருந்தே கிளம்புகிறது, ராப்பிட் விரைவு வண்டியில் சுமார் நாற்பது நிமிடம். அதனால் கடைசி நாளுக்கு இதைவிடச் சௌகரியமான கடை கிடையாது: பெட்டியை நிலையத்துப் பூட்டறையில் வைத்துவிட்டு, ஏழு முதல் ஒன்பதாம் தளம் வரை விரிந்த உணவகப் பகுதியில் சாப்பிட்டு, அடித்தளத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு நேரே மேலே ஏறிவிடலாம். ஒன்று மட்டும் கவனம், புட்டிங், ஜெல்லி, தண்ணீர்ப் பதமான யோகான் எல்லாம் விமானத்தில் திரவக் கணக்கில் வரும், கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும். கெட்டியான யோகான் பல மாதம் கெடாது, ஊருக்கு எடுத்துப்போக அதுதான் சரி.

கடைசியாக, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் தென்னோஜியின் ஹாருகாஸ். 2014 மார்ச்சில் முழுமையாகத் திறந்த 300 மீட்டர் உயரக் கோபுரம், 2023இல் தோக்கியோவில் இன்னொன்று முந்தும் வரை ஜப்பானின் மிக உயரமான கட்டடம். அதில் கீழ்ப் பகுதி கின்தெத்சு கடை, ஒரு லட்சம் சதுர மீட்டர் பரப்பு, நாட்டிலேயே ஆகப் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் ஒன்று. 12 முதல் 14ஆம் தளம் வரை உணவகங்கள் மட்டுமே நாற்பதுக்கு மேல். இதனால் என்ன லாபம் என்றால், ஒருவருக்கு உடோன் நூடுல்ஸ், ஒருவருக்குப் பாஸ்தா, குழந்தைக்கு ஆம்லெட் சோறு என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் ஒரே மாடியைச் சுற்றி முடிவெடுக்கலாம், உமேதா அளவுக்கு நெருக்கடி இல்லாததால் காத்திருப்பும் குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி உணவுகளைப் பார்த்து விரலால் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. மதியத்துக்கு ஆளுக்கு 1,500 முதல் 3,000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள், மேல் மாடி உணவகங்களில் எங்கும் ஏறக்குறைய இதுதான் நிலவரம். சாப்பிட்டுவிட்டு 16ஆம் தளத்தின் தோட்டத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. 58 முதல் 60ஆம் தளம் வரை உள்ள பார்வை மாடத்துக்குத்தான் டிக்கெட். கின்தெத்சு ரயில் நாரா, ஈசே பக்கமெல்லாம் ஓடுவதால் அந்த ஊர்த் தின்பண்டங்களும் அடித்தளத்தில் நன்றாகக் கிடைக்கும். ஈசேயின் அக்காஃபுக்கு மோச்சியை (அவரை விழுது பூசிய அரிசிப் பண்டம்) வாங்கினால் அன்றோ மறுநாளோ சாப்பிட்டுவிடுங்கள், கோடையில் இரண்டே நாள்தான் தாங்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். எந்த மாடியில் சாப்பிட்டாலும் சூப்பு, குழம்பு, வேகவைத்த காய், டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் தாஷி, அதாவது பெரும்பாலும் கத்சுவோ மீன் சீவலில் இறக்கிய சாறு இருக்கும். காய்கறி மட்டும்தானே கண்ணில் படுகிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். அதில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டியவை முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட்) மாவு, வேர்க்கடலை, வால்நட், இறால், நண்டு மாதிரியான சில பொருட்கள்தான், கத்சுவோ அதில் இல்லை. மூலப்பொருள் பட்டியலையே போனில் மொழிபெயர்த்துப் படிப்பதுதான் வழி. இந்த விஷயத்தில் அடித்தளம் உணவகங்களைவிட நம்பகமானது, ஏனென்றால் பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும், மேல் மாடியில் பரிமாறுகிறவருக்கே சில நேரம் தெரியாது. யோகான், மோச்சி மாதிரியான பாரம்பரிய இனிப்புகளில் பெரும்பாலும் அவரை விழுது, சர்க்கரை, அரிசி, கடற்பாசிதான். ஜெலட்டின் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழம், வெறும் சோறு, ரொட்டிக் கடையில் மூலப்பொருள் பார்த்து எடுத்த ரொட்டி, இவற்றை வைத்து ஒரு வேளையை நன்றாகவே ஒப்பேற்றலாம்.

அடித்தளத்தில் வாங்கிய பென்தோவை, அதாவது பெட்டிச் சாப்பாட்டை, எங்கே சாப்பிடுவது என்பதும் தேர்வில் சேரவேண்டிய கேள்வி. கடைக்குள் நடந்துகொண்டே சாப்பிடுவதை அங்கே யாரும் விரும்ப மாட்டார்கள். உமேதாவில், நிலையத்துக்கு வடக்கே 2024 செப்டம்பரில் திறந்த உமேக்கிதா பூங்காவின் பெரிய புல்வெளி இருக்கிறது, ஹான்க்யூவிலிருந்து நடக்கிற தூரம்தான். நம்பாவில் பக்கத்திலேயே நம்பா பார்க்ஸின் படிப்படியாக ஏறும் மாடித் தோட்டம். தென்னோஜியில் பூங்காவின் தென்-ஷிபா புல்வெளி. ஷின்சாய்பாஷிக்கு மட்டும் இப்படி ஒன்று பக்கத்தில் இல்லை, அதுவும் அதற்கு எதிரான ஒரு புள்ளி.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாகக் காலை 10 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுவார்கள், உணவக மாடிகள் 10, 11 வரைகூட ஓடும். திறக்கும் நேரத்துக்குப் போனால் வாசலில் ஊழியர்கள் வரிசையாகக் குனிந்து வரவேற்பதைப் பார்க்கலாம். சிக்கனமாகச் சாப்பிட நினைப்பவர்கள் மாலை ஏழைத் தாண்டிப் போங்கள், சுஷி, பென்தோ, பொரித்த வகைகள் மேல் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிப்பார்கள், சில நாள் பாதி விலை வரை இறங்கும். பிராண்டு இனிப்புகள் மட்டும் இறங்கவே இறங்காது, அவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். சாலட், பொரியல் வகைகளின் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு எழுதியிருக்கும், முழுப் பெட்டிக்கு என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள். கெட்டுப்போகிற பொருள் வாங்கினால் எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்று கேட்டு, அதற்கேற்பக் குளிர்ப்பை வைத்துத் தருவார்கள்.

வரி: எடுத்துப்போகும் உணவுக்கு 8 சதவீதம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. சுற்றுலாப் பயணிகள் ஒரே நாளில் ஒரே கடையில் வரி சேர்க்காத விலையில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் வரி விலக்கு உண்டு, பாஸ்போர்ட்டே கையில் இருக்க வேண்டும், உணவகச் செலவுக்குக் கிடையாது. ஆறு கடைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்காமல் ஒன்றில் மொத்தமாக வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது: கடையில் வரியோடு கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது பொருளைச் சுங்கத்தில் உறுதிசெய்த பிறகு பணம் திரும்பி வரும். அதற்குப் பிறகு போகிறவர்கள் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போய்ச் சேருங்கள், நம்பாவில் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.